மருமகள் வேலைக்குப் போய்விட்டாள்

1972-இல் ஜப்பானில் வெளிவந்த ஒரு நாவல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. காதல் கதையல்ல, துப்பறியும் கதையும் அல்ல. சவாகோ அரியோஷி எழுதிய 'கோகோட்சு நோ ஹிதோ' என்ற அந்த நாவலின் நாயகி அகிகோ, டோக்கியோவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். மாமியார் திடீரென்று இறந்துபோகிறார். 84 வயது மாமனாருக்கு மறதி நோய் முற்றிவிட்டது என்பது அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் உறைக்கிறது. பெற்ற மகனையும் மகளையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு காலத்தில் குறை சொல்லியே வறுத்தெடுத்த மருமகளைத் தெரிகிறது. ஊட்டுவது, குளிப்பாட்டுவது, நடு இரவில் எழுந்து கழிவறைக்கு அழைத்துப்போவது எல்லாம் அவள் தலையில் விழுகிறது. புருஷன் கெட்டவன் இல்லை. ஆனால் கிட்டே வரமாட்டான். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அகிகோ அல்லாடுகிறாள்.

வாசகர்கள் அந்தப் புத்தகத்தைப் பயந்துகொண்டே வாசித்தார்கள். நாளைக்கு நம் வீட்டிலும் இதுதான் என்று தெரிந்த பயம்.

அந்தப் பயம் வீண் போகவில்லை. 1970-இல் ஜப்பானியர்களில் 65 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். அது பதினான்காக உயர ஆன காலம் 24 ஆண்டுகள் மட்டுமே. பிரான்ஸுக்கு இதே தூரத்தைக் கடக்க 115 ஆண்டுகள் பிடித்தன. இன்று பத்து ஜப்பானியர்களில் ஏறத்தாழ மூவர் 65-ஐத் தாண்டியவர்கள். நூறு வயதைக் கடந்தவர்கள் 1963-இல் நாடு முழுக்க 153 பேர் இருந்தார்கள். 2024 செப்டம்பரில் 95,119 பேர். அவர்களில் நூற்றுக்கு 88 பேர் பெண்கள்.

மறுபக்கம் தொட்டில்கள் காலியாகிக்கொண்டே வந்தன. 1966 சீன, ஜப்பானியப் பஞ்சாங்கப்படி 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் புருஷனுக்கு ஆகாது என்று, நம் ஊர் செவ்வாய் தோஷத்தைப் போல ஒரு நம்பிக்கை. அதற்குப் பயந்து பலர் பிள்ளைப் பேற்றைத் தள்ளிப்போட, அந்த ஒரு வருடம் மட்டும் கருவள விகிதம் 1.58-க்குச் சரிந்தது. 1989-இல் எந்தத் தோஷமும் இல்லாமலே அது 1.57-ஐத் தொட்டபோது அரசாங்கம் திடுக்கிட்டது. 2024-இல் அந்த எண் 1.15. அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் 6 லட்சத்து 86 ஆயிரம் மட்டுமே. உழைக்கும் வயதினர், அதாவது 15 முதல் 64 வரையிலானவர்கள், 1995-இல் 8.7 கோடிப் பேர் இருந்தார்கள், இப்போது 7.4 கோடிக்கும் கீழே.

ஆக, ஒரு நாடு வயதாகும்போது பெண்ணை இரண்டு பக்கமிருந்தும் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆள் கிடைக்காத கடையும் ஆலையும் வேலைக்கு வா என்கின்றன. படுக்கையில் கிடக்கும் மாமனார் வீட்டிலேயே இரு என்கிறார். எந்தப் பக்கம் வெல்கிறது என்பது அந்தப் பெண்ணின் ஆசையையும் திறமையையும் மட்டும் பொறுத்ததில்லை. அவள் வீட்டில் இல்லாத எட்டு மணி நேரம் அந்தக் கிழவரை யார் பார்த்துக்கொள்வது, அதற்கு யார் காசு கொடுப்பது என்பதைப் பொறுத்தது. ஜப்பான் இதைக் கற்றுக்கொள்ள ஐம்பது ஆண்டுகள் ஆயின. இன்னும் பாதிதான் கற்றிருக்கிறது.

கணக்கில் ஏறாத சொத்து

நாவல் வந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1978-இல், ஜப்பானிய சுகாதார அமைச்சகம் தன் வெள்ளை அறிக்கையில் ஒரு கருத்தை எழுதியது. மூன்று தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் வாழும் வழக்கம், நாட்டின் நலத்திட்டங்களுக்கு ஒரு மறைமுகச் சொத்து. கம்பெனிக் கணக்கேட்டில் எழுதாமல் வைத்திருக்கும் நிலத்தின் மதிப்பைச் சொல்லப் பயன்படும் கணக்கர்களின் சொல்லைத்தான் அதிகாரிகள் இங்கே எடுத்தாண்டார்கள். செலவில்லாமல் முதியோரைக் கவனிக்க வீடுதோறும் ஆள் இருக்கிறது என்பது அதன் பொருள். அந்த ஆள் மருமகள். அவளைக் கேட்டு யாரும் எழுதவில்லை.

மருமகளை வீட்டில் வைத்திருக்க அலுவலகங்களும் தங்களால் ஆனதைச் செய்தன. கல்யாணம் ஆனால் ராஜினாமா செய்துவிட வேண்டும் என்று பல நிறுவனங்கள் வேலைக்குச் சேரும்போதே பெண்களிடம் எழுதி வாங்கின. சுமிட்டோமோ சிமென்ட் நிறுவனத்தில் அப்படி வெளியேற்றப்பட்ட ஒரு பெண் வழக்குத் தொடுக்க, 1966-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. வேலைவாய்ப்பில் ஆண், பெண் சமத்துவச் சட்டம் வர இன்னும் 19 ஆண்டுகள் ஆயின. தொழிலாளர் அமைச்சக அதிகாரியாக இருந்த ரியோகோ அகமாட்சு, முதலாளிகள் ஒருபக்கமும் பெண்கள் அமைப்புகள் மறுபக்கமும் திட்டத் திட்ட, 1985-இல் அதை நிறைவேறச் செய்தார். ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டாமலிருக்க 'முயற்சி செய்ய வேண்டும்' என்ற அளவில்தான் முதல் சட்டம் நின்றது. அதைத் தடையாக மாற்றிய திருத்தம் 1999-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தக் காலத்து வேலைவாய்ப்பு வரைபடம் ஆங்கில 'எம்' எழுத்தைப் போல இருக்கும். பள்ளியோ கல்லூரியோ முடித்த கையோடு பெண்கள் வேலைக்குப் போவார்கள்; கோடு ஏறும். கல்யாணம், பிள்ளை என்றானதும் முப்பது வயதையொட்டிப் பள்ளம் விழும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு நாற்பதுகளில் மறுபடி ஒரு மேடு. ஐம்பதில் மாமனாருக்கோ மாமியாருக்கோ முடியாமல் போக, கடைசிச் சரிவு. 1980-களின் தொடக்கத்தில் 30 முதல் 34 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப்பேர் மட்டுமே வேலையில் இருந்தார்கள்.

'பணம் வேண்டாம், ஆள் வேண்டும்'

இந்த ஏற்பாட்டை முதலில் கேள்வி கேட்டவர்கள் ஐம்பதைத் தொட்ட பெண்கள்தான். கெய்கோ ஹிகுச்சி என்ற விமர்சகர் 1983-இல் 'முதுமைச் சமூகத்தை மேம்படுத்தும் பெண்கள் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சங்கத்தின் வாதம் நேரடியானது: கவனிக்கிறவளும் பெண், கடைசியில் கவனிப்பாரற்றுக் கிடப்பவளும் பெண். ஆகவே முதியோர் பராமரிப்பைக் குடும்பத்தின் பாரமாக விடாமல் சமூகம் ஏற்க வேண்டும்.

1990-களின் நடுவில் அரசாங்கம் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது. ஜப்பானுக்கு முந்திக்கொண்ட ஜெர்மனி 1995-இல் கொண்டுவந்த திட்டத்தில், வீட்டிலேயே பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்தார்கள். ஜப்பானிலும் அதையே செய்யலாம் என்று பலர் சொன்னார்கள். மருமகளின் உழைப்புக்கு இத்தனை நாள் கிடைக்காத மரியாதை கிடைக்குமே!

பெண்கள் சங்கங்கள் எதிர்த்தன. மேலோட்டமாகப் பார்த்தால் விநோதமாகத் தோன்றும் எதிர்ப்பு அது. பணம் குடும்பத் தலைவர் கைக்குப் போகும், வேலை மருமகள் கையிலேயே தங்கும், 'அதுதான் சர்க்கார் பணம் தருகிறதே' என்று சொல்லி அவளை நிரந்தரமாகக் கட்டிப்போடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ரொக்கம் சட்டத்தில் இடம்பெறவில்லை. 1997-இல் சட்டம் நிறைவேறியது. திட்டம் தொடங்க ஆறு மாதம் இருக்கும்போது ஆளுங்கட்சியின் செல்வாக்கு மிக்க தலைவர் ஷிசுகா கமேய், பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் நல்ல வழக்கம் கெட்டுப்போகக் கூடாது என்று கொடி பிடித்தார். அவர் கிளப்பிய சண்டையில் மூத்தவர்களிடம் பிரீமியம் வசூலிப்பது ஆறு மாதம் தள்ளிப்போனது. திட்டம் நிற்கவில்லை. 2000 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது.

நாற்பது வயதானால் எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். செலவில் பாதி அந்தப் பிரீமியத்திலிருந்து, மீதி வரிப் பணத்திலிருந்து. முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று ஏழு படிகளில் தரம் பிரிப்பார்கள். வீட்டில் மகள் இருக்கிறாளா, மருமகள் இருக்கிறாளா என்பது அந்தத் தரத்தைப் பாதிக்காது. பராமரிப்பு மேலாளர் ஒருவர் வாரத்துக்கு ஒரு அட்டவணை போட்டுத் தருவார். பெரும்பாலோர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும், வசதியுள்ளவர்கள் இரண்டோ மூன்றோ பங்கு.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? காலை ஒன்பது மணி வாக்கில் வாசலில் ஒரு வேன் வந்து நிற்கும். சக்கர நாற்காலியோடு பாட்டியை ஏற்றிக்கொண்டு பகல்நேர மையத்துக்குப் போகும். போனதும் இரத்த அழுத்தமும் காய்ச்சலும் பார்ப்பார்கள். பிறகு குளியல். ஜப்பானியருக்குத் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் அமிழ்ந்தால்தான் குளித்த மாதிரி. நிற்க முடியாதவரை வீட்டுக் குளியலறையில் அப்படி இறக்கி ஏற்றுவதில்தான் பல மருமகள்களின் இடுப்பு போயிருக்கிறது. மையத்தில் நாற்காலியோடு நீரில் இறக்கும் சாதனம் உண்டு. மதியம் மென்று விழுங்க எளிதான சாப்பாடு, கொஞ்சம் கைகால் பயிற்சி, பாட்டு. மாலை நான்கு, ஐந்து மணிக்கு வேன் திரும்பக் கொண்டுவந்து விடும்.

அந்த வேன்தான் அலுவலக நேரத்தை விடுவித்தது. காப்பீடு தொடங்கியபோது உதவி தேவை எனச் சான்று பெற்றவர்கள் 22 லட்சம் பேர். இன்று 70 லட்சத்தைத் தொட்டிருக்கிறார்கள். 2001-இல் வீட்டிலிருக்கும் முதியவரை முதன்மையாகக் கவனித்துக்கொண்டவர்களில் மருமகள்கள் 22.5 சதவீதம். 2022-இல் அது 5.4 சதவீதம். கூட்டுக் குடும்பமும் கரைந்துவிட்டது: முதியோர் உள்ள வீடுகளில் மூன்று தலைமுறை வாழ்ந்தவை 1980-இல் பாதி, 2022-இல் நூற்றுக்கு ஏழு. வெள்ளை அறிக்கை பெருமைப்பட்ட சொத்து ஒரே தலைமுறையில் காணாமல் போனது.

செலவும் ஏறியது. 65 வயதைக் கடந்தவர் மாதம் கட்டும் சராசரி பிரீமியம் தொடக்கத்தில் 2,911 யென். இப்போது 6,225 யென்.

தொட்டில் பக்கத்துச் சண்டை

முதியோருக்கு வேன் வந்தது. பிள்ளைகளுக்கு? குழந்தைக் காப்பகத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்த குழந்தைகளின் பட்டியல் நகரங்களில் நீண்டுகொண்டே போனது. 2010-இல் நாட்டிலேயே மிக நீளமான பட்டியல் யோகோஹாமா நகருடையது: 1,552 குழந்தைகள். கார் விற்பனைப் பிரதிநிதியாக இருந்து பெரிய நிறுவனங்களின் தலைமைக்கு உயர்ந்த ஃபுமிகோ ஹயாஷி அப்போது அங்கே மேயர். தனியார் நிறுவனங்களையும் காப்பகம் நடத்த அழைத்தார். வட்டார அலுவலகம் ஒவ்வொன்றிலும், எந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறது, எது வீட்டுக்குப் பக்கம் என்று பெற்றோரோடு உட்கார்ந்து தேடித் தர ஓர் ஆலோசகரை அமர்த்தினார். 2013 ஏப்ரல் நிலவரப்படி காத்திருப்போர் எண்ணிக்கை பூஜ்யம் என்று நகராட்சி அறிவித்தது.

அந்த நேரத்தில்தான் பிரதமர் ஷின்சோ அபே பெண்களைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். கோல்ட்மேன் சாக்ஸில் பங்குச் சந்தை ஆய்வாளராக இருந்த கேத்தி மட்சுய் 1999-இலேயே சொல்லியிருந்த யோசனை அது: ஆள் குறைந்துகொண்டே வரும் நாடு, படித்த பெண்களைச் சமையலறையில் வைத்துக்கொண்டு வளர்ச்சியைத் தேடுகிறது. அபே அதைக் கொள்கையாக்கி ஐ.நா. சபை வரை கொண்டுபோனார். ஆனால் மேடைப் பேச்சு வேறு, தெருநிலை வேறு. 2016-இல் தன் குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்காத ஒரு தாய், பெயர் சொல்லாமல், நாட்டையே சபித்து இணையத்தில் கொட்டித் தீர்த்தார். நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, எழுதியது யார் என்றே தெரியாதே, எப்படி உறுதிப்படுத்துவது என்று பிரதமர் கைவிரித்தார். இடம் கிடைக்காமல் போனது எனக்குத்தான் என்று அட்டை பிடித்துக்கொண்டு தாய்மார்கள் நாடாளுமன்றத்தின் முன்னால் வந்து நின்றார்கள். மறு ஆண்டு நாடு முழுக்கக் காத்திருந்த குழந்தைகள் 26,081. புதுக் காப்பகங்கள் திறந்தன, குழந்தைகளும் குறைந்தார்கள், 2024-இல் அந்தப் பட்டியலில் 2,567 பேர்.

15 முதல் 64 வயது வரையிலான ஜப்பானியப் பெண்களில் வேலையில் இருப்பவர்கள் 2012-இல் நூற்றுக்கு 61 பேர்; 2023-இல் 73 பேர். 'எம்' எழுத்தின் பள்ளம் ஏறக்குறைய மேடாகிவிட்டது. முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் இன்று சம்பாதிக்கிறார்கள். பிறப்பு குறைந்து, முதுமை கூடிய பத்தாண்டில் ஜப்பானில் வேலை பார்ப்போரின் மொத்த எண்ணிக்கை சரியாமல் நின்றதற்கு இவர்களும், ஓய்வு பெறாத முதியோரும்தான் காரணம்.

நவம்பர் மாதச் சுவர்

ஆனால் என்ன வேலை என்று கேட்டால் பெருமை கொஞ்சம் அடங்கும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெண்களில் பாதிக்கு மேல் நிரந்தரப் பணியாளர்கள் அல்லர். பகுதிநேரம், ஒப்பந்தம், தற்காலிகம். ஆண்களில் அப்படி இருப்பவர்கள் ஐந்தில் ஒருவர் சொச்சம். நிரந்தர வேலையில் இருக்கும் பெண்களின் வரைபடம் மட்டும் போட்டால் 25 வயதையொட்டி உச்சிக்குப் போய், பிறகு இறங்கிக்கொண்டே இருக்கும்; திரும்ப ஏறாது.

இதில் பாதிப் பங்கு சட்டப் புத்தகத்துக்கு. கணவன் மாதச் சம்பளக்காரர், மனைவியின் ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னுக்குள் என்றால், அவள் ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஒரு யென்கூடக் கட்ட வேண்டாம். ஓய்வூதியத்தில் இந்தச் சலுகை 1986-இல் வந்தது. எல்லையை ஒரு யென் தாண்டினாலும் பிரீமியம் பிடித்தம் தொடங்கிவிடும். கைக்கு வரும் பணம் முன்பைவிடக் குறைந்துபோகும். வருமான வரிக்கு வேறொரு எல்லை, பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. ஜப்பானியர்கள் இவற்றைச் சுவர்கள் என்கிறார்கள்.

சூப்பர் மார்க்கெட்டுகளில் இது ஆண்டுதோறும் நடக்கும் கூத்து. நவம்பர் பிறந்ததும் பில் போடும் பெண்கள் அதுவரை வாங்கிய சம்பளத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். சுவர் பக்கத்தில் வந்துவிட்டால் மேலாளரிடம் போய், இந்த மாதம் எனக்கு நாட்களைக் குறைத்துப் போடுங்கள் என்பார்கள். கூட்டம் அலைமோதும் வருடக் கடைசியில் கல்லாவில் ஆள் இருக்காது. கூலி ஏற ஏற இது மோசமாகும் என்பதுதான் வேடிக்கை. 2012-இல் குறைந்தபட்சக் கூலியின் தேசிய சராசரி மணிக்கு 749 யென். 13 லட்சத்தைத் தொட வாரத்துக்கு 33 மணி நேரம் உழைக்கலாம். 2024-இல் கூலி 1,055 யென் ஆனது. 24 மணி நேரத்துக்குள்ளேயே சுவர் வந்துவிடும். ஆள் பற்றாக்குறையால் கூலியை ஏற்றினால், ஏற்றிய கூலியே ஆளை வீட்டுக்கு அனுப்புகிறது. வரிச் சுவரை 2025-இல் அரசாங்கம் உயர்த்தியது. 13 லட்சச் சுவரின் ஆதாரமான இலவச ஓய்வூதியத் தகுதி அப்படியே நிற்கிறது.

வீட்டுக்குள்ளேயும் கணக்கு பெரிதாக மாறவில்லை. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஜப்பானியப் பெண் நாளொன்றுக்குச் செலவிட்டது 224 நிமிடம், ஆண் செலவிட்டது 41 நிமிடம் என்று 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. அப்பா ஆனவர்களில் விடுப்பு எடுப்பவர்கள் மட்டும் வேகமாகக் கூடியிருக்கிறார்கள்: 2012-இல் நூற்றுக்கு இருவர், 2024-இல் நாற்பது பேர்.

சுவருக்கு உள்ளேயே வாழ்ந்து முடித்தவர்களுக்கு முதுமையில் ரசீது வருகிறது. ஜப்பானியப் பெண்ணின் சராசரி ஆயுள் 87, ஆணுக்கு 81. கணவர் போன பிறகு எஞ்சும் ஆண்டுகளில் கையில் இருப்பது மெலிந்த ஓய்வூதியம். தனியாக வாழும் மூதாட்டிகளில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார்கள். 65 முதல் 69 வயது வரையிலான பெண்களில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் இன்னும் வேலைக்குப் போவதில் விருப்பம் எவ்வளவு, நிர்ப்பந்தம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இலை விற்கும் பாட்டிகள்

விருப்பத்தோடு போகிறவர்களைப் பார்க்க ஷிகோகு தீவின் கமிகட்சுவுக்குப் போக வேண்டும். டோகுஷிமா மாநிலத்து மலைக் கிராமம் அது. மக்கள் தொகை 1,500-க்கும் குறைவு, பாதிக்கு மேல் முதியவர்கள். 1981-இல் வந்த கடும் குளிர் அவ்வூரின் ஆரஞ்சுத் தோட்டங்களைக் கருக்கிவிட்டது. விவசாயக் கூட்டுறவில் ஆலோசகராக இருந்த டோமோஜி யோகொய்ஷி ஒருநாள் ஓர் உணவகத்தில், தட்டில் அலங்காரத்துக்கு வைத்த மேப்பிள் இலையை இளம்பெண்கள் ஆசையாக எடுத்துக் கைக்குட்டையில் பத்திரப்படுத்துவதைப் பார்த்தார். நம் மலையில் இல்லாத இலையா? 1986-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு இலை வியாபாரம் தொடங்கியது.

ஊரே சிரித்தது. குப்பையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? முதலில் வாங்கவும் இல்லை. எந்தப் பருவத்தில், எந்தத் தட்டில், எந்த அளவு இலை வேண்டும் என்று சமையற்காரர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. யோகொய்ஷி உணவகம் உணவகமாகச் சுற்றிக் கற்றுவந்தார். இன்று முந்நூறுக்கு மேற்பட்ட வகை இலைகளும் பூக்கிளைகளும் போகின்றன. காலையில் கையடக்கக் கணினியில் ஆர்டர் வரும், முந்துகிறவருக்கே அது. எழுபது, எண்பது வயதுப் பெண்கள் திரையைத் தட்டி ஆர்டரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள். பழுதில்லாத இலைகளை ஒரே அளவில் பொறுக்கி, ஈரத்தோடு தட்டில் அடுக்கிக் கூட்டுறவில் சேர்த்தால் மறுநாள் நகரச் சந்தையில் இருக்கும். தன் விற்பனை ஊரில் எத்தனையாவது இடம் என்பதும் அதே திரையில் தெரியும். ஆண்டு விற்பனை 20 கோடி யென்னைத் தாண்டியது. இலை எடை இல்லாதது, முதுகை முறிக்காதது, வீட்டை விட்டுத் தூரம் போக வேண்டாதது. வயதான பெண்ணின் உடலுக்கும் நேரத்துக்கும் ஏற்றாற்போல வேலையை வகுத்ததுதான் இதில் வெற்றி. ஆனால் ஒரு மலைக் கிராமத்தின் வெற்றியை நாடு முழுக்கப் பரப்ப முடியவில்லை.

நமக்கு எவ்வளவு தூரம்?

தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2020 கணக்குப்படி 1.4. ஜப்பான் முதன்முதலில் திடுக்கிட்ட 1.57-ஐ நாம் எப்போதோ தாண்டிக் கீழே வந்துவிட்டோம். மாநிலத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது மத்திய அரசின் நிபுணர் குழு போட்ட மதிப்பீடு. நாட்டில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில்தான். பெண்கள் வேலைக்குப் போய்வர 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும் வந்தது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் முதியோர் வேன் மட்டும் இங்கே இல்லை.

2017-இல் திருத்திய மகப்பேறு சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. பெரியவர்களைப் பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டமோ முதன்மையாகப் பிள்ளைகள் பெற்றோரைப் பராமரித்தே ஆக வேண்டும் என்கிறது. பிள்ளைகள் என்று சட்டம் சொன்னாலும் வீட்டில் அது யாரைக் குறிக்கும் என்பது ஊரறிந்தது. 2019-இல் எடுத்த தேசிய நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டாள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம்.

45 நிமிடம்

மருமகள் விட்டுப்போன இடத்தில் ஜப்பானில் இப்போது யார் நிற்கிறார்கள்? பெரும்பாலும் இன்னொரு பெண். பராமரிப்புத் துறையில் வேலை செய்யும் 21 லட்சம் பேரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். வீடு வீடாகப் போகும் உதவியாளர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் ஏராளம்; எழுபது வயதுக்காரர் எண்பது வயதுக்காரரைக் கவனிப்பது சர்வசாதாரணம். சம்பளம் மற்ற துறைகளின் சராசரியைவிடக் குறைவு. அகிகோ சும்மா செய்த வேலைக்கு விலை வைத்தபோது, சும்மா செய்த வேலைதானே என்ற நினைப்பில் விலை வைத்தார்கள் என்று துறைக்குள்ளேயே விமர்சனம் உண்டு.

வீட்டுக்கு வரும் உதவியாளர்களின் வேலையை நிமிடக் கணக்கில் அளக்கிறார்கள். சமையல், துணி துவைத்தல், வீடு பெருக்குதல் போன்ற உதவிக்கு முன்பு 60 நிமிடமாக இருந்த அளவுகோலை 2012-இல் 45 ஆக்கினார்கள். முதியவரின் துணியை மட்டும் துவைக்கலாம், அதே கூடையில் கிடக்கும் மகனின் சட்டையைத் தொடக் கூடாது. அவருக்கு மட்டும் சமைக்கலாம், பேரனுக்குச் சேர்த்து ஒரு கைப்பிடி அரிசி போடக் கூடாது. பேச்சுக் கொடுக்க நேரம் இருக்காது. அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை மிதிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஆள் இல்லை. 2022 நிதியாண்டில், வீட்டுப் பராமரிப்பு வேலை தேடி வந்த ஒருவருக்குக் காலியிடங்கள் பதினைந்துக்கு மேல் இருந்தன. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று வெளிநாடுகளிலிருந்து 2008 முதல் ஆள் எடுக்கிறார்கள். 2021-இல் இந்தியாவோடும் உடன்படிக்கை ஆயிற்று. 2040-இல், 2022-இல் இருந்தவர்களைவிட 5 லட்சத்து 70 ஆயிரம் பேர் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

உதவியாளர் வரவில்லை என்றால் பழைய ஏற்பாடுதான் திரும்புகிறது. பராமரிப்புக்காக வேலையை விடுபவர்களைப் பூஜ்யமாக்குவோம் என்று அபே 2015-இல் அறிவித்தார். 2017 கணக்கெடுப்பில் அப்படி விட்டவர்கள் ஓராண்டில் 99 ஆயிரம் பேர். 2022 கணக்கெடுப்பில் 1 லட்சத்து 6 ஆயிரம் பேர், அவர்களில் 80 ஆயிரம் பேர் பெண்கள். இப்போது விடுபவள் மருமகளாக இருப்பதைவிட மகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடும்பத்தில் ஒருவருக்காக 93 நாள் விடுப்பும் அந்த நாட்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு சம்பளமும் உரிமை என்று சட்டம் இருந்தும் பலருக்கு அது தெரிவதில்லை. ஆகவே 2025 ஏப்ரல் முதல், ஊழியருக்கு நாற்பது வயதாகும்போது அந்த உரிமையை நிறுவனமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை பிறந்த பெருந்தலைமுறை முழுவதும் 2024 முடிவதற்குள் 75 வயதை எட்டிவிட்டது. அதே 2024 ஏப்ரலில், வீட்டுப் பராமரிப்பு நிலையங்கள் லாபத்தில் ஓடுவதாகச் சொல்லி, அவற்றுக்குக் காப்பீட்டிலிருந்து கொடுக்கும் அடிப்படைக் கட்டணத்தை அரசாங்கம் குறைத்தது. ஒரே அடுக்குமாடியில் முப்பது முதியவர்களைக் கவனிக்கும் நிறுவனத்தையும், மலைப்பாதையில் வீட்டுக்கு வீடு அரைமணி வண்டி ஓட்டும் சிறிய நிலையத்தையும் சேர்த்துப் போட்ட சராசரி அது. சிறியவை அந்த ஆண்டு வரிசையாகத் திவாலாகின. கட்டணக் குறைப்பு அறிவிப்பு வந்த கையோடு கண்டன அறிக்கை வெளியிட்ட அமைப்புகளில், ஹிகுச்சி நாற்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பெண்கள் சங்கமும் ஒன்று. கட்டணத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுமையாகத் திருத்தும் வழக்கப்படி அடுத்த சுற்று 2027-இல்.